பதிவுக்கும் ரிமாண்டுக்கும் நடுவே

சிறுமலைக்குக் குடும்பத்தோடு சுற்றுலா போன ஓர் இடதுசாரிக் கட்சிக்காரர், அங்கே எடுத்த படங்களை முகநூலில் போட்டு, ‘துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம்’ என்று தலைப்பு வைத்தார். படத்தில் துப்பாக்கி இல்லை. வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் திரட்டுவது, குற்றச் சதி, பொதுமக்களிடம் பீதி கிளப்புவது ஆகியவற்றோடு, பெயரை மறைத்துக்கொண்டு மிரட்டும் குற்றத்துக்கான பிரிவு 507-உம் சேர்ந்தது. பதிவு அவருடைய சொந்தப் பக்கத்தில், சொந்தப் பெயரில் இருந்தது. கைது செய்து ரிமாண்டுக்கு, அதாவது சிறைக் காவலுக்கு உத்தரவு வாங்க, கொண்டுபோனார்கள். வாடிப்பட்டி மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்ய மறுத்துவிட்டார். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த வழக்கையே ரத்து செய்தது. 507-ஐப் பார்த்துச் சிரிப்பு வந்ததாக நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பில் எழுதினார். அந்த மாஜிஸ்திரேட்டைப் பாராட்டவும் செய்தார்.

இந்த வழக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பாராட்டைத்தான். போலீஸ் கேட்டதும் இயந்திரம் மாதிரி ரிமாண்ட் எழுதாத ஒரு மாஜிஸ்திரேட்டை உயர் நீதிமன்றம் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்ட வேண்டியிருக்கிறது என்றால், மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று யூகித்துக்கொள்ளலாம். பேச்சுரிமையின் எல்லையை அரசியல் சாசனம் ஓரிடத்தில் வரைந்திருக்கிறது, ஸ்டேஷன் எழுத்தர் வேறோர் இடத்தில் வரைகிறார். பெரும்பாலானவர்கள் அனுபவிப்பது இரண்டாவதைத்தான். வழக்கு கடைசியில் நிற்காமல் போகலாம். அதற்குள் பதினைந்து நாள் சிறை, பறிபோன செல்போன், தினம் காலை ஸ்டேஷனில் கையெழுத்து, வக்கீல் பீஸ் எல்லாம் முடிந்திருக்கும்.

முதலில் சாசனத்தின் கோடு. 19(1)(அ) பேச்சுரிமையைத் தருகிறது. 19(2) அதை எதற்காகக் கட்டுப்படுத்தலாம் என்று எட்டுக் காரணங்களைச் சொல்கிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். இந்த எட்டில் எதற்குள்ளும் அடங்காத கட்டுப்பாடு செல்லாது. ‘மனம் புண்பட்டது’ என்பது பட்டியலில் இல்லை. தலைவரைக் கேலி செய்ததும் இல்லை.

இந்தப் பட்டியலின் வரலாற்றில் நம் ஊருக்குப் பங்கு அதிகம். 1950-ல் ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழை மதராஸ் மாகாணத்துக்குள் வரவிடாமல் அரசு தடுத்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். பொது ஒழுங்கு என்ற காரணம் அப்போது 19(2)-ல் இல்லை என்பதால் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே முதல் சாசனத் திருத்தம் பொது ஒழுங்கை உள்ளே கொண்டுவந்தது. ‘நியாயமான’ கட்டுப்பாடு என்ற அடைமொழியும் அதே திருத்தத்தில்தான் சேர்ந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை வக்கீல்கள் வாதாடுகிறார்கள். ‘இறையாண்மையும் ஒருமைப்பாடும்’ 1963-ல் பதினாறாவது திருத்தத்தில் வந்தது. திராவிட நாடு கோரிக்கை உயிரோடு இருந்த காலம் அது.

பொது ஒழுங்கு என்றால் எவ்வளவு பெரிய குழப்பம்? 1965-ல் ராம் மனோகர் லோகியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போட்டுக் காட்டியது. வெளி வட்டம் சட்டம் ஒழுங்கு, நடு வட்டம் பொது ஒழுங்கு, உள் வட்டம் அரசின் பாதுகாப்பு. இரண்டு பேர் தெருவில் அடித்துக்கொண்டால் அது வெளி வட்டத்தோடு சரி. ஊரின் இயல்பு வாழ்க்கையே குலையும் அளவுக்குப் போனால்தான் நடு வட்டம். ஒரு பதிவைப் பார்த்து நாலு பேர் கோபப்பட்டார்கள் என்பது நடு வட்டத்துக்கு வெகு தூரம்.

2012-ல் புதுச்சேரியில் ஒரு சிறுதொழில் செய்பவர், அன்றைய மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ஒரு ட்வீட் போட்டதற்காகக் கைதானார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அப்போது அமலில் இருந்தது. ‘எரிச்சல்’, ‘அசௌகரியம்’ தந்தாலே மூன்றாண்டு என்று சொன்ன பிரிவு அது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பில் அது முழுதாக அடிபட்டது. அலசிப் பேசுவது, ஒரு கருத்துக்காக வலுவாக வாதாடுவது, குற்றத்துக்குத் தூண்டுவது என்று பேச்சைத் தீர்ப்பு மூன்றாகப் பிரித்தது. மூன்றாவதைத் தொட்டால்தான் சட்டம் கைவைக்கலாம். முதல் இரண்டும் எத்தனை பேருக்குப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. தமாஷ் என்னவென்றால், செத்துப்போன 66ஏ-வில் பல மாநில ஸ்டேஷன்கள் அதன்பிறகும் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தன. இனிப் போடாதீர்கள் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

இப்போது அந்த வேலையை மூன்று பிரிவுகள் செய்கின்றன. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 196, 299, 353. பழைய எண்கள் 153ஏ, 295ஏ, 505. பதிவு தொடர்பான எஃப்.ஐ.ஆர். எதை எடுத்தாலும் இவற்றில் ஒன்றாவது இருக்கும். மூன்றுக்கும் பொதுவாக மூன்றாண்டு வரை தண்டனை, மூன்றும் ஜாமீனில் விட முடியாதவை. ஜாமீனில் விட முடியாதது என்றால் ஜாமீனே கிடைக்காது என்று அர்த்தமில்லை, ஸ்டேஷனிலேயே உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது, கோர்ட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ‘அவ்வளவுதான்’ என்பதற்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலக் கைதுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது.

196 பிரிவினரிடையே பகை மூட்டுவது. இதற்கு இரண்டு பிரிவினர் இருந்தே ஆக வேண்டும். ஒரு சமூகத்தின் பழக்கத்தை மட்டும் விமர்சித்தால், எதிரே இன்னொரு பிரிவு நிறுத்தப்படாவிட்டால், பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஒரு கட்சியையோ அரசையோ திட்டுவதும் இதில் வராது. கட்சி சாதியுமில்லை, மதமுமில்லை. 299 மத உணர்வைப் புண்படுத்துவது. ‘வேண்டுமென்றே’, ‘தீய நோக்கத்தோடு’ இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். ஆராய்ச்சியாகவோ சீர்திருத்தமாகவோ எழுதியது யாரையாவது புண்படுத்தினால் மட்டும் போதாது. 353 பொய்த் தகவல், வதந்தி, பீதி. உண்மையென்று நம்ப நியாயமான காரணம் இருந்து, நல்லெண்ணத்தோடு சொன்னால் குற்றமில்லை என்று அந்தப் பிரிவிலேயே விதிவிலக்கு இருக்கிறது. ஆகவே பகிரும்போது எங்கிருந்து எடுத்தோம் என்பதைக் கூடவே போட்டுவிடுவது நாகரிகம் மட்டுமில்லை, நாளைக்குக் கோர்ட்டில் காட்ட ஒரு ஆவணமும்கூட.

அதிகம் பேர் கவனிக்காத ஒரு முட்டுக்கட்டை இந்தப் பிரிவுகளில் உண்டு. 196-ஐயும் 299-ஐயும் கோர்ட் விசாரணைக்கு எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும் (புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 217). எஃப்.ஐ.ஆர். போட அனுமதி தேவையில்லை, கைதுக்கும் தேவையில்லை. குற்றப்பத்திரிகையைக் கோர்ட் கையிலெடுக்கும்போதுதான் தேவை. அந்த அனுமதி வாங்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் வழக்குகள் நிறைய. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் அவை உயிர்பெற்று எழும்.

எந்த அளவுகோலால் ஒரு பதிவை அளப்பது? 2025 மார்ச் 28-ல் இம்ரான் பிரதாப்கடி என்ற எம்.பி. மீதான குஜராத் வழக்கை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒரு கல்யாண வீட்டு வீடியோவுக்குப் பின்னணியாக ஓடிய கவிதைக்காகப் போடப்பட்ட வழக்கு அது. திடமனதும் துணிவும் உள்ள மனிதருக்கு அந்தச் சொற்கள் எப்படிப்படும் என்றுதான் பார்க்க வேண்டும், எதற்கெடுத்தாலும் ஆபத்தைக் காண்பவரின் கண்ணால் பார்க்கக் கூடாது என்றது. கூடவே நடைமுறைக்கு உதவும் ஒன்றையும் சொன்னது: மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் கீழ் தண்டனை உள்ள குற்றத்தைப் பேச்சோ எழுத்தோ சார்ந்து யாராவது புகாராகக் கொடுத்தால், எஃப்.ஐ.ஆருக்கு முன் புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(3)-ன்படி டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்வதே எப்போதும் பொருத்தம். இந்தத் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகும் வக்கீலை, வெறுங்கையோடு போகிறவரை நடத்துவதுபோல நடத்த மாட்டார்கள்.

சரி, அரசு மட்டும்தான் வில்லனா? இல்லை. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்தபோது, போளூர் பக்கம் அத்திமூரில் சென்னையிலிருந்து வந்த 65 வயது மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பம். வழியில் பார்த்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள், அதுதான் அவர்கள் செய்த தப்பு. அந்த வதந்தியை ஃபார்வர்டு செய்த ஆயிரக்கணக்கானவர்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ‘எதற்கும் ஜாக்கிரதையாக இருக்கட்டுமே’ என்றுதான் அனுப்பியிருப்பார்கள். அந்த ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் வடக்கே சுற்றின. பயந்துபோய் ரயிலேறியவர்கள் உண்டு. 353 எழுதப்பட்டது இம்மாதிரி நேரங்களுக்கு. அமைச்சரைக் கிண்டல் செய்த கார்ட்டூனுக்கு ஒரே இரவில் பாயும் வேகம் வதந்திக்கு ஏன் வருவதில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஃபார்வர்டைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது: ‘நான் எழுதவில்லை, பகிர்ந்தேன்.’ சில குழுக்களில் ‘வந்ததைப் பகிர்கிறேன்’ என்று மேலே ஒரு வரி போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். நடிகர் எஸ்.வி.சேகர் வழக்கு இதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. பெண் பத்திரிகையாளர்களை இழிவாகப் பேசிய, வேறொருவர் எழுதிய பதிவை 2018-ல் பகிர்ந்தார். சில மணி நேரத்தில் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். பகிர்வது உள்ளடக்கத்தை ஏற்றுக்கொள்வதற்குச் சமம், வில்லிலிருந்து புறப்பட்ட அம்பைத் திரும்பக் கூப்பிட முடியாது என்ற பொருளில் 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் படிக்காமல் பகிர்ந்துவிட்டார் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிப் பார்த்தார்கள். அங்கேயும் எடுபடவில்லை. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. குழு அட்மின் நிலை இதைவிட மேல். உறுப்பினர் போடும் பதிவுக்கு, கூட்டு நோக்கம் இருந்தாலொழிய, அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று மதுரைக் கிளை 2021-ல் சொல்லிவிட்டது.

இரண்டு இடங்களில் மட்டும் ‘கருத்துச் சுதந்திரம்’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்க வேண்டாம். ஒன்று, பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம். பெயர் மட்டுமில்லை, பள்ளி, தெரு, பெற்றோர் படம், கண்டுபிடிக்க வழிவிடும் எதுவும். பாதிக்கப்பட்டது குழந்தையென்றால் போக்ஸோ 23-ன்படி ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், பெரியவர் என்றால் நியாய சன்ஹிதா 72-ன்படி இரண்டாண்டு வரை. ‘நீதி வேண்டும்’ என்று ஹாஷ்டேக் போட்டு அந்தக் குழந்தையின் போட்டோவைப் பரப்பியவர்களெல்லாம் இந்தப் பிரிவுக்குள்தான் நிற்கிறார்கள். மற்றொன்று, பட்டியல் சாதியினரைச் சாதி சொல்லி இழிவுபடுத்துவது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு முன்ஜாமீனையே அடைக்கிறது. முகாந்திரமே இல்லையென்று காட்டினால்தான் கதவு திறக்கும்.

அவதூறு வேறு ரகம். இதில் போலீஸுக்கு நேரடி வேலை கிடையாது. நியாய சன்ஹிதா பிரிவு 356-ன் கீழ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது, பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டத்தின் 223-ன்படி வழக்கைக் கையிலெடுக்கும் முன்பே எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும். ‘அவதூறாகப் பேசினார்’ என்று சொல்லி ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால், எந்தப் பிரிவில் என்று கேட்பது உங்கள் உரிமை. தண்டனை இரண்டாண்டு வரை. 2016-ல் உச்ச நீதிமன்றம் இந்தக் குற்றப்பிரிவை நீடிக்க விட்டது எனக்கு ஒப்பாத தீர்ப்பு, ஆனால் நாட்டின் சட்டம் இன்று அதுதான்.

உண்மையைத்தானே சொன்னேன் என்று நம்புகிறவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். நஷ்டஈட்டு வழக்கில் உண்மை முழுக் கவசம். குற்ற வழக்கில் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, பொதுநலனுக்காகச் சொல்லப்பட்டதாகவும் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் கடன் விவரம் உண்மையாகவே இருக்கலாம், அதை ஊருக்குச் சொன்னதில் என்ன பொதுநலன்? ஊராட்சித் தலைவர் சாலை போடாமலே பில் எடுத்தார் என்பதில் பொதுநலன் இருக்கிறது. ஆனால் ‘திருடன்’ என்று எழுதாமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய பதிலின் தேதி, பணியின் பெயர், அளவுப் புத்தகத்தில் உள்ள நீளம், நேரில் டேப் பிடித்து அளந்த நீளம் ஆகியவற்றை எழுதினால் கை ஓங்கியிருக்கும். வாசகருக்குத் திருடன் என்று தானே தோன்றிவிடும். பொது ஆவணத்தை அடிப்படையாகக் கொண்டு வெளியிடுவதை அதிகாரிகள் முன்கூட்டித் தடுக்க முடியாது என்று 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்த வழக்கு அது.

முதல்வர், அமைச்சர், அரசு ஊழியர் ஆகியோரின் பணி சம்பந்தமாகப் பேசினால் அரசு வக்கீலே செஷன்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாம், ஆறு மாதத்துக்குள். நம் மாநிலத்தில் இது ஒரு தொழிற்சாலையாகவே நடந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் பார்த்த பட்டியலில் ஐந்தாண்டுகளில் இருநூறுக்கு மேல் இருந்தன. அரசு வக்கீல் தபால் நிலையம்போல நடந்துகொள்ளக் கூடாது என்று சொல்லி 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பத்திரிகைகள் மீதான வழக்குகளில் ஒரு கட்டை ரத்து செய்தது.

இனி, ஸ்டேஷனிலிருந்து போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘சும்மா ஒரு விசாரணை, வந்துட்டுப் போங்க.’ முதல் கேள்வி: சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா? சி.எஸ்.ஆர். என்றால் புகார் வந்திருக்கிறது என்பதற்கான ரசீதுதான், வழக்கு இன்னும் இல்லை. எஃப்.ஐ.ஆர். என்றால் எண்ணையும் பிரிவையும் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016 முதல் விதி, தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் தேடலாம். ‘சென்சிடிவ்’ வழக்குகள் என்று சொல்லி ஏற்றாமல் விடுவதும் உண்டு. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு, கைது தேவையில்லை என்றால் புதிய நடைமுறைச் சட்டத்தின் 35(3)-ன்படி எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸுக்கு ஒழுங்காக ஆஜராகிற வரை, காரணத்தைப் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. ஆகவே போன வேளை, கொடுத்த ஆவணம் எல்லாவற்றுக்கும் ஒப்புகை வாங்க வேண்டும்.

பதிவை நீக்குவதா வேண்டாமா? இங்கே அவசரப்பட்டு இரண்டு பக்கமும் தப்பு செய்கிறார்கள். வழக்கு ஏதும் வராத நிலையில் தப்பான தகவலைத் திருத்துவதும் நீக்குவதும் நல்லது, திருத்தியதைச் சொல்லிவிட்டுச் செய்வது இன்னும் நல்லது. வழக்கு வந்தபின் அழித்தால் ஆதாரத்தை அழித்ததாக நியாய சன்ஹிதா 241-ஐச் சேர்க்க வாய்ப்புண்டு. அதைவிடப் பெரிய இழப்பு, பதிவின் முன்னும் பின்னும் இருந்த சூழல் போய்விடுகிறது. போலீஸ் கையில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட் ஒன்றுதான் இருக்கும். அந்த ஸ்கிரீன்ஷாட்டும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4)-ன்படி ஹாஷ் மதிப்போடு (கோப்பின் டிஜிட்டல் கைரேகை மாதிரி) கூடிய சான்றிதழ் இல்லாமல் கோர்ட்டில் ஏறாது. உங்கள் தரப்புக்கும் அதே விதிதான். முழுப் பதிவையும், கீழே வந்த கருத்துகளையும், இணைய முகவரியும் நேரமும் தெரிகிற மாதிரி சேமித்து வைக்க வேண்டும். போனைக் கைப்பற்றினால் கைப்பற்றியதற்கு எழுதும் மகஜரில் அந்த போனின் அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கைப்பற்றுவதைப் போலீஸ் வீடியோ எடுத்தாக வேண்டும் என்பது நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு.

கைதே செய்துவிட்டால், காரணத்தை எழுத்தில், புரிகிற மொழியில் தர வேண்டும். ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னால் தந்திருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. மாஜிஸ்திரேட் முன் வாய் திறந்து சொல்ல வேண்டியதும் இதுதான். கவிதையின் பொருள், பதிவின் நோக்கம் எல்லாம் அங்கே அப்புறம்.

சட்டமே இல்லாமல் வாயடைக்கும் முறை ஒன்றும் நம்மூரில் இருக்கிறது, அதற்குப் பெயர் சமாதானப் பேச்சுவார்த்தை. 2015 ஜனவரி 12-ல் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில், ‘மாதொருபாகன்’ நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனை உட்கார வைத்து நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தது அதற்குப் பிறகு. 2016 ஜூலை 5 தீர்ப்பில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்துக்குச் சட்ட பலமே இல்லை என்றது. வருவாய் அதிகாரிக்கு இலக்கியப் பஞ்சாயத்து பண்ண அதிகாரம் எந்தச் சட்டத்திலும் தரப்படவில்லை. கூட்டத்தைச் சமாளிக்க வேண்டியது போலீஸ் வேலை. 1989-ல் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ பட வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது: கலவரம் செய்வோம் என்று மிரட்டுகிறவர்களுக்காகப் படத்தை நிறுத்துவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும். அப்படி எதிலாவது கையெழுத்துக் கேட்டால், வக்கீலோடு வருகிறேன் என்று சொல்லி எழுந்துவிடலாம்.

குண்டர் சட்டம் மிரட்டலின் உச்சம். 1982-ன் 14-ஆம் சட்டம், ஓராண்டு வரை விசாரணையின்றி அடைக்கலாம், ஜாமீன் என்ற பேச்சே இல்லை, ஆட்கொணர்வு மனுதான். கள்ளச்சாராயக்காரர்களுக்காக வந்த சட்டத்தை 2017-ல் மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி மேல் போட்டார்கள், 2024-ல் யூடியூபர் சவுக்கு சங்கர் மேல் போட்டார்கள். ஆட்சி மாறியிருந்தது, பழக்கம் மாறவில்லை. இரண்டையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, மாதக்கணக்கில் உள்ளே இருந்த பிறகு.

கடைசியாக ஜாமீன் நிபந்தனை. வெளியே வரும் அவசரத்தில் ‘இனி இப்படிப் பேச மாட்டேன்’ என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். யூடியூபர் சாட்டை துரைமுருகன் அப்படிக் கொடுத்துவிட்டு மறுபடி பேசினார் என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீனை ரத்து செய்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஜாமீனைத் திருப்பித் தந்தது. யூடியூபில் குற்றம்சாட்டுகிறவர்களையெல்லாம் தேர்தலுக்கு முன் உள்ளே தள்ள ஆரம்பித்தால் எத்தனை பேரைத் தள்ளுவீர்கள் என்று நீதிபதி அபய் ஓகா கேட்டார். அவதூறாகப் பேசக் கூடாது என்றாவது நிபந்தனை போடுங்கள் என்று அரசுத் தரப்பு கேட்டது. எது அவதூறு என்று யார் தீர்மானிப்பது என்று கேட்டு அதையும் மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போக எல்லோராலும் முடியாது. உறுதிமொழியின் வாசகத்தை வழக்கில் உள்ள அந்த ஒரு பதிவோடு நிறுத்தி, ‘இனி எந்தப் பதிவும்’ என்ற சொற்கள் இருந்தால் அடித்துத் தரும்படி உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள், அதன்பிறகு கையெழுத்துப் போடுங்கள்.